சிங்கப்பூருக்குச் சேர்ந்து போகிறவர்கள்: முழு வீடா, ஆளுக்கொரு அறையா, கோ-லிவிங்கா?

ஒரே கம்பெனியில் வேலை கிடைத்து ஒன்றாகச் சிங்கப்பூர் வந்திறங்கும் மூன்று நண்பர்களுக்கு முதல் வாரமே வரும் யோசனை, சேர்ந்து ஒரு வீடு எடுத்துவிடலாம் என்பது. எங்கள் கருத்து வேறு. முதல் வருடம் ஒரே வட்டாரத்தில் ஆளுக்கொரு அறை எடுங்கள். வீட்டை அடுத்த வருடம் பார்க்கலாம். வாடகையை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை, சிக்கல் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

முதலில், இறங்கியவுடன் தங்கும் இடம். குறுகிய நாள்களுக்கு யாராவது வீடு தருகிறேன் என்றால் ஒதுங்கிவிடுங்கள். வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளை (பேச்சில் எச்டிபி) குறைந்தது ஆறு மாதத்துக்கும், காண்டோ போன்ற தனியார் வீடுகளைக் குறைந்தது மூன்று மாதத்துக்கும்தான் வாடகைக்கு விடலாம். எனவே முதல் இரண்டு வாரத்துக்கு ஹோட்டல், ஹாஸ்டல், இல்லையென்றால் சர்வீஸ் அப்பார்ட்மென்ட். மூன்று பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் சர்வீஸ் அப்பார்ட்மென்ட் சில சமயம் கட்டுப்படியாகும். ஆனால் ஏழு நாளுக்குக் குறைந்து தரமாட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் பாஸ் அட்டை (வேலை அனுமதி), சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான இணைய அடையாளம்), வங்கிக் கணக்கு மூன்றையும் முடித்துவிடுங்கள். வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிநுழைவு ஆணையத்தின் தளத்திலேயே இலவசமாக நிரப்பலாம். கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

இனி முழு வீடு. விளம்பரத்தில் "4 ரூம்" என்று இருந்தால் நான்கு படுக்கையறை என்று எண்ணிவிடாதீர்கள். வீவக கணக்கில் ஹாலும் ஒரு ரூம். 4 ரூம் என்றால் மூன்று படுக்கையறையும் ஒரு ஹாலும். 3 ரூம் என்றால் படுக்கையறை இரண்டுதான். மூன்று பேருக்கு 4 ரூம் வீடு சரியாக இருக்கும்.

உதாரணத்துக்கு மாத வாடகை 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இரண்டு வருட ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஒரு மாத வாடகை அட்வான்ஸ் என்பது வழக்கம், ஆக 6,600. முதல் மாத வாடகை 3,300. முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம்: 79,200 வெள்ளிக்கு ஏறக்குறைய 316. சாவி கைக்கு வரும் முன்பே ஆளுக்கு 3,400 வெள்ளி போய்விடும். ஏஜென்ட் கமிஷன் இருந்தால் அது தனி. முதல் சம்பளம் வராத நிலையில் இது பெரிய தொகை. மாதம் 1,100 வெள்ளிக்கு ஒரு வருடம் அறை எடுத்தால் அட்வான்ஸும் வாடகையும் 2,200, தீர்வை ஐம்பது சொச்சம், அவ்வளவுதான். தீர்வையைக் கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்டி, சான்றிதழை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு வழக்கு என்று போனால், முத்திரையில்லாத ஒப்பந்தம் சாட்சியமாக நிற்காது.

பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மூன்று பேர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், பொதுவாக முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. ஐந்தாவது மாதம் ஒருவருக்கு வேலை போகிறது என்று வையுங்கள். பாஸ் ரத்தானதும் அவருக்கு வழக்கமாகக் கிடைப்பது 30 நாள் அனுமதி. "டிப்ளமேட்டிக் கிளாஸ்" என்ற பிரிவு இருக்கிறதே என்பீர்கள். வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றலானாலோ ஒப்பந்தத்தை முறிக்க வழிசெய்யும் அந்தப் பிரிவு, இரண்டு வருட ஒப்பந்தத்தில் பெரும்பாலும் 12 மாதம் முடிந்த பிறகே செல்லும். அதற்கு மேல் இரண்டு மாத நோட்டீஸும் உண்டு. ஆக, 14 மாதத்துக்கு முன் யாருக்கும் விடுதலை இல்லை. போனவர் ஊரில் இருப்பார். மீதி இருவரும் ஆளுக்கு 1,100-க்குப் பதில் 1,650 கட்டிக்கொண்டிருப்பார்கள். நல்ல நட்பு கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். காலியான அறையைத் தாங்களே வேறொருவருக்கு விடவும் முடியாது. வீவக வீட்டில் குடியிருப்பவர் உள்வாடகைக்கு விடுவது விதிமீறல். புதியவர் வேண்டுமென்றால் ஓனர் சம்மதித்து, வீவகவில் அவர் பெயரைப் பதிய வேண்டும்.

இன்னொரு தடை ஒதுக்கீடு. மலேசியர் அல்லாத வெளிநாட்டினருக்கு முழு வீவக வீடுகளை வாடகைக்கு விடுவதில் வட்டாரத்துக்கு 8 சதவீதம், புளோக்குக்கு (ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு) 11 சதவீதம் என்று உச்சவரம்பு உண்டு. அது நிரம்பிவிட்டால் ஓனர் ஆசைப்பட்டாலும் தர முடியாது. முன்பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேளுங்கள். அறை வாடகைக்கு இந்த வரம்பு கிடையாது. காண்டோவுக்கும் கிடையாது, ஆனால் வாடகை கூடுதல்.

அறை எடுப்பதில் ஆபத்து வேறு மாதிரி. அறை விடும் வீவக ஓனர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஒரு அறையைப் பூட்டிவைத்துவிட்டு வேறிடத்தில் வசிப்பவரிடமும், தானே வாடகைக்கு இருந்துகொண்டு அறையை விடுபவரிடமும் மாட்டிக்கொண்டால், சோதனை வரும் நாளில் வெளியேற வேண்டியவர் நீங்கள்தான். வீவக அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உங்கள் பெயர் வர வேண்டும். ஹாலைப் பலகையால் தடுத்து அறையாக்கியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஏஜென்ட்டின் பெயரையும் பதிவு எண்ணையும் சிஇஏ (வீட்டு ஏஜென்ட்டுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவேட்டில் சரிபாருங்கள். வீவக வாடகையில் அட்வான்ஸ் பணத்தை ஏஜென்ட் கையால் தொடவே கூடாது. நேராக ஓனர் கணக்குக்கு அனுப்புங்கள்.

பிறகு சமையல். விளம்பரத்தில் "லைட் குக்கிங்" என்றால் பல வீடுகளில் நூடுல்ஸும் முட்டையும்தான். சாம்பார் தாளிப்பு அந்தக் கணக்கில் வராது. வீடு பார்க்கப் போகும்போதே "தினமும் ராத்திரி சோறு, குழம்பு வைப்பேன், எண்ணெயில் தாளிப்பேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஏசி எத்தனை மணி நேரம், துணி துவைப்பது வாரத்துக்கு எத்தனை தடவை, ஊரிலிருந்து யாராவது வந்தால் தங்கலாமா, எல்லாமே ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும். இந்திய ஓனர் என்றால் சமையல் பிரச்சினை குறையும். விருந்தாளி விஷயத்தில் கண்டிப்பு கூடலாம்.

கோ-லிவிங் என்பது ஒரு நிறுவனம் நடத்தும் வீட்டில் ஆளுக்கொரு அறை எடுத்து, மற்ற இடங்களைப் பகிர்ந்துகொள்வது. மூன்றிலும் விலை கூடியது இதுதான். கட்டில், வைஃபை, சுத்தம் செய்தல் எல்லாம் வாடகையில் அடக்கம். மின்சாரத்துக்கு வரம்பு இருக்கும், மீறினால் கூடுதல் பணம். ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கும் கிடைக்கும். ப்ரொபேஷன் முடியும்வரை எங்கேயும் கட்டுப்பட வேண்டாம் என்று நினைப்பவருக்கு மட்டும் இது சரி.

வட்டாரத்தை அலுவலகத்தை வைத்து முடிவு செய்யுங்கள். சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை என்றால் எக்ஸ்போ ஸ்டேஷன். பக்கத்தில் சீமெய், தெம்பனிஸ். ஒன்-நார்த் பக்கம் என்றால் புவன விஸ்தா, கிளமெண்டி. லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தையும் முஸ்தபா கடையும் நடக்கிற தூரம்தான், ஆனால் அந்த வாடகைக்குத் தெம்பனிஸில் பெரிய அறையே கிடைக்கும். வாரத்துக்கு ஒருமுறை டவுன்டவுன் லைனில் ஏறினால், கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்கித் திரும்பிவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வீடுதான் வேண்டும் என்றால், கையெழுத்திடும் முன் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். மூவரில் எவர் ஒருவருக்கு வேலை போனாலும் டிப்ளமேட்டிக் கிளாஸ் செல்லும். ஒருவர் விலகினால் நியாயமான மாற்று ஆளை ஓனர் ஏற்பார். குடியேறிய முதல் 30 நாளில் தெரியவரும் பழுது ஓனர் செலவு. அதற்குப் பிறகு வரும் சின்னப் பழுதுகளில் ஒரு தொகைவரை உங்கள் தலையில் விழும்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசி சர்வீஸும் உங்கள் செலவுதான். அந்த ரசீதுகளை விடாமல் சேர்த்து வையுங்கள். வீட்டை ஒப்படைக்கும் நாளில் அட்வான்ஸில் கை வைக்க ஓனர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.