விரல் நுனி ஆக்சிமீட்டர்: வாங்கலாம், முழுசாக நம்பக் கூடாது

கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட கருவி. சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை விரல் வழியே செலுத்தி, ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்து ஆக்சிஜன் அளவை ஊகிக்கிறது. ஆம், ஊகம்தான். திரையில் 90 (சதவீதம்) என்றால் உண்மை அளவு 86 முதல் 94 வரை எங்கேயும் இருக்கலாம்.

கறுப்புத் தோலில் சிக்கல் கூடும். 2020-இல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், கருவி 92–96 காட்டியபோது ரத்தப் பரிசோதனையில் 88-க்கும் கீழே இருந்தது கறுப்பினத்தவரில் 11.7%, வெள்ளையரில் 3.6%. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் 2013 வழிகாட்டுதல்படி, கருவியின் துல்லியத்தைப் பத்துப் பேரிடம் சோதித்து, அதில் இரண்டு பேர் கருந்தோலராக இருந்தால் போதும்! அதன் 2025 ஜனவரி வரைவு வழிகாட்டுதல் 150 பேர் கேட்கிறது. இத்தனை தாமதம் நெறிக்குறைவு அல்லாமல் வேறென்ன? மாநிறமும் கறுப்புமாக இருக்கும் நமக்கும் இது பொருந்தும்.

வாங்கும்போது நாடித்துடிப்பு அலை காட்டும் மாடலாகப் பாருங்கள். அலை ஒழுங்காக ஓடாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை. நகப்பூச்சை அகற்றுங்கள்; மருதாணி இட்டிருந்தால் வேறு விரலில் மாட்டுங்கள். குளிர்ந்த கையைத் தேய்த்துச் சூடாக்கி, அசையாமல் ஒரு நிமிடம் வைத்த பிறகே படியுங்கள். புகை சூழ்ந்த அறையில் மயங்கியவருக்கு இது உதவாது: கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனாகவே எண்ணிவிடும்.

ஒற்றை எண்ணைவிட, வழக்கமான அளவிலிருந்து இறங்குகிறதா என்று பாருங்கள். மூச்சுத் திணறினால், 95 காட்டினாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.