முதலில் விடுவது கிரவுன் ரப்பர்: விலையுயர்ந்த மெக்கானிக்கல் வாட்ச் சீல்கள் எத்தனை வருடம் தாங்கும்?

கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சப்மெர்சிபிள் மோட்டாரைப் பிரித்தால் பழைய ரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டித்தான் மூடுவார்கள். அதே கையில் ஐந்தாறு லட்ச ரூபாய் வாட்ச் இருக்கும்; வாங்கிய நாளிலிருந்து அதன் ரப்பரை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். பின்மூடியில் 100 மீட்டர் என்று பொறித்திருப்பதை நம்பி கொடிவேரியில் குளிப்பதும் தோட்டத்துக் கிணற்றில் குதிப்பதும் நடக்கிறது. அந்த எண் வாட்ச் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் நிலவரம். ஏழு வருடம் கழித்து அது எவ்வளவு உண்மை என்பதைச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு மெக்கானிக்கல் வாட்ச்சுக்குள் தண்ணீர் நுழைய மூன்று வழி உண்டு: கண்ணாடி ஓரம், பின்மூடி, கிரவுன். சாவி கொடுக்கும் அந்தத் திருகைத்தான் கிரவுன் என்கிறோம். ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள குரோனோகிராஃப் என்றால் இரண்டு பட்டன்கள் கூடுதல். ஆழ்கடல் டைவர்களுக்கான ஹீலியம் வால்வு இருந்தால் அதுவும் ஒரு வழி. கண்ணாடியைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் நைலான் போன்ற கெட்டி வளையம். அடிபடாத வரை அது எளிதில் கெடாது. பின்மூடி ரிங் இரண்டு உலோகத்துக்கு நடுவே அசையாமல் நசுங்கிக் கிடப்பது. அதற்குத் தேய்மானம் கிடையாது, முதுமை மட்டும்தான்.

கிரவுன் கதை வேறு. அதற்குள் இருக்கும் சின்ன ரிங், கேஸிலிருந்து, அதாவது வாட்ச்சின் உலோகக் கூட்டிலிருந்து, நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின்மேல் உரசிக்கொண்டே சுழல்கிறது. தேதி மாற்ற இழுக்கும்போது ஓர் உரசல், அழுத்தும்போது இன்னொன்று. பம்ப்பில் ஷாஃப்ட் சீல் முதலில் போவதும் கவர் பேக்கிங் பல வருடம் கிடப்பதும் எதனாலோ, இதுவும் அதனால்தான். வியர்வை உப்பும் தூசியும் கிரவுனுக்கடியில் சேர்ந்து உப்புத்தாளாகத் தேய்க்கின்றன. திருப்பூர் பனியன் கம்பெனியில் பறக்கும் பஞ்சுத்தூளும் அங்கேதான் போய் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் எந்த வாட்ச் நீண்ட நாள் தாங்கும் என்று கேட்டால், பின்மூடி எண்ணைப் பார்க்காமல் கிரவுனைப் பார்த்துத்தான் பதில் சொல்வோம். ரோலெக்ஸ் சப்மரீனர் இதில் முதலிடம். 300 மீட்டர் தரம், திருகி மூடும் டிரிப்லாக் கிரவுன். ரோலெக்ஸ் முத்திரைக்குக் கீழே மூன்று புள்ளிகள் இருக்கும். 1970-இல் வந்த இந்த அமைப்பில் ஒரு ரிங் தளர்ந்தாலும் அடுத்தது காக்கும். கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் என்பதால் தினமும் கட்டுபவர் கிரவுனைத் தொடுவதே அரிது. டேட்ஜஸ்டில் இருப்பது 1953-இல் வந்த டிவின்லாக்; 100 மீட்டர். குளியலுக்கும் மழைக்கும் நீச்சலுக்கும் தாராளம். ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300 மீட்டரிலும் கிரவுன் திருகி மூடுவதுதான். ஆனால் பத்து மணிப் பக்கம் உள்ள ஹீலியம் வால்வும் திருகிதான். அது நம்மூரில் யாருக்கும் தேவைப்படாது. கவனிக்க வேண்டிய சீல்தான் ஒன்று கூடுகிறது. அதைத் திறந்து விளையாடாமல் இருப்பது நல்லது.

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்ச்சை இந்த ஒரு விஷயத்தில் கடைசியில் வைக்கிறோம். அருமையான வாட்ச், அதில் சந்தேகமில்லை. ஆனால் 50 மீட்டர்தான், கிரவுன் திருகுவதல்ல, கையால் சாவி கொடுப்பது என்பதால் அந்தக் கிரவுன் தினமும் பல சுற்று சுழல்கிறது. பக்கத்தில் இரண்டு பட்டன்கள், அவற்றுக்குள்ளும் ரப்பர். இதை அருவிக்குக் கொண்டுபோகக் கூடாது. டிஸ்ஸோ பி.ஆர்.எக்ஸ் பவர்மேட்டிக் 80 நடுவில் நிற்கிறது: 100 மீட்டர் தரம் உண்டு, கிரவுன் இழுத்து அழுத்தும் வகை. கேஸ் நல்ல கேஸ்தான், ரிங் புதிதாக இருக்கும்வரை கவலையில்லை. 30 மீட்டர் என்று போட்ட டிரஸ் வாட்ச் எதுவானாலும் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும்தான்.

வருடக்கணக்கு என்ன? ரோலெக்ஸ் சுமார் 10 ஆண்டுக்கு ஒரு முறை முழு சர்வீஸ் என்கிறது. ஒமேகா 5 முதல் 8 ஆண்டு என்கிறது. அது எஞ்சினுக்கான, அதாவது உள்ளே ஓடும் இயந்திரத்துக்கான, கணக்கு. ரப்பருக்கு நாங்கள் சொல்வது வேறு: தண்ணீரில் இறங்கும் வாட்ச் என்றால் வருடம் ஒரு பிரஷர் டெஸ்ட், திருகாத கிரவுனின் ரிங்கை மூன்று வருடத்துக்கு மேல் நம்ப வேண்டாம், திருகும் கிரவுனுக்கு ஐந்து. பின்மூடியை எதற்காகத் திறந்தாலும் ரிங் புதிது. நசுங்கிப் பழகிய ரிங்கைத் திரும்பப் போட்டால் அது முன்பு உட்கார்ந்த அதே கோட்டில் உட்காராது, அந்த இடைவெளியில் தண்ணீர் போகும்.

ரப்பரிலும் சாதி பல. வாட்ச்சில் அதிகம் வருவது நைட்ரைல். விலை குறைவு, எண்ணெய் தாங்கும். ஆனால் சூட்டில் இறுகும், ஓசோனில் வெடிக்கும், பிளீச்சிங் திரவம் ஆகாது. விட்டான் எனப்படும் ஃப்ளோரோ ரப்பர் சூட்டையும் எண்ணெயையும் குளோரினையும் நன்றாகத் தாங்கும். கிடைத்தால் இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இதற்கும் பகை உண்டு: காஸ்டிக் சோடா, அசிட்டோன். சாயப்பட்டறையில் காஸ்டிக் தொட்டிப் பக்கம் நிற்பவர் எந்த ரப்பரையும் நம்பாமல் வாட்ச்சைக் கழற்றி வைப்பதே சரி. சிலிக்கான் ரிங் மென்மையானது, ஆனால் உரசல் தாங்காது, கிரவுனுக்கு ஏற்றதல்ல. அதன்மேல் சிலிக்கான் கிரீஸ் தடவினால் உப்பிவிடும்.

புது ரிங் என்று சொல்லிப் போடுவதும் பழையதாக இருக்கலாம். ரப்பர் பொருட்களைச் சேமிப்பதற்கான ஐ.எஸ்.ஓ 2230 தரம், நைட்ரைலுக்கு 7 ஆண்டும் விட்டான், சிலிக்கானுக்கு 10 ஆண்டும் இருப்புக் காலம் வைத்திருக்கிறது. மறுபடி சோதித்துப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் நீட்டலாம். அதுவும் 25 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல், தீப்பொறியில் ஓசோன் கிளப்பும் மோட்டார் பக்கத்தில் இல்லாமல் வைத்திருந்தால். ஈரோட்டுக் கோடையில் தகர டப்பாவில் திறந்து கிடக்கும் கலவை ரிங்குகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வாட்ச்சை வைப்பதும் ரப்பரை அவசரமாகக் கிழமாக்கும். சுடுதண்ணீர்க் குளியல் இன்னொரு கேடு: ரப்பரும் ஸ்டீலும் ஒரே அளவில் விரிவதில்லை, சோப்பு கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஊட்டிக்குப் போனால் கண்ணாடிக்குள் புகை படிகிறது என்ற புகாருக்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 30 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதத்தில் வாட்ச்சை மூடினால், உள்ளே மாட்டிய காற்று 24 டிகிரிக்குக் கீழே போனதும் பனியாகும். சீல் சரியாக இருந்தாலும் இது நடக்கும். ஆனால் அப்படி மாட்டும் ஈரம் ஒரு மில்லிலிட்டர் காற்றுக்கு சுமார் 0.02 மில்லிகிராம்தான், மெல்லிய மங்கல் வரலாம், துளி உருளாது. துளி தெரிந்தால் அது கசிவு. இன்னொன்றும் உண்டு: கசியும் வாட்ச் மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது உள்காற்றை வெளியே விடும், இறங்கும்போது கீழ்க்காற்றை ஈரத்தோடு இழுத்துக்கொள்ளும். தண்ணீரே படாத வாட்ச்சில் துரு பிடிப்பது இப்படித்தான். ஆகவே வாட்ச்சைத் திறந்து மூடுவது ஏ.சி. ஓடும் உலர்ந்த அறையில் நடக்க வேண்டும். மழை நாளில், தெருவோர மேசையில் வேண்டாம்.

இப்போது சர்வீஸ். பிராண்டின் பெரிய கடையில் கொடுத்தால் வாட்ச் பல சமயம் வெளியூர் மையத்துக்குப் போய் வரும், நாள் பிடிக்கும். ஆனால் அசல் ரிங், அசல் கிரவுன், சோதனைச் சீட்டு கிடைக்கும். டவுன்ஹால் பக்கம் கை தேர்ந்த மெக்கானிக்கிடமும் நல்ல வேலை கிடைக்கிறது. ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: "அண்ணா, பிரஷர் டெஸ்ட் மெஷின் இருக்குதுங்களா?" இல்லை என்றால் ரிங் மாற்றியும் பயன் தெரியாது.

டெஸ்ட்டில் இரண்டு வகை. உலர் சோதனையில் வாட்ச்சை மெஷினின் சின்ன அறைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி, பிறகு அழுத்தம் ஏற்றி, கண்ணாடி எவ்வளவு வளைந்து நிற்கிறது என்று மைக்ரான் கணக்கில் மெஷின் அளக்கும். வளைவு அப்படியே நின்றால் சீல் நன்று. மெல்லத் திரும்பினால் காற்று கசிகிறது. தண்ணீரே படாது என்பதால் முதலில் இதுதான். அதிக அழுத்தம் மட்டும் கொடுத்து "10 பார் தாங்குது" (ஒரு பார் என்பது சுமார் 10 மீட்டர் ஆழத்து நீரின் அழுத்தம்) என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பெரிய அழுத்தத்தில் ரிங் தானே இறுகி அடைத்துக்கொள்ளும். குறைந்த அழுத்தத்தில்தான் சின்னக் கசிவு தெரியும். டைவர் வாட்ச்சுக்கான ஐ.எஸ்.ஓ 6425 தரமும், வாட்ச்சின் தர அழுத்தத்தில் 125 சதவீதத்தில் 2 மணி நேரம் வைத்த பிறகு 0.3 பாரில் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்வது இதனால்தான்.

உலர் சோதனையில் தோற்றால் எங்கே கசிகிறது என்று காண ஈரச் சோதனை. பின்மூடியைத் திறந்து எஞ்சினை வெளியே எடுத்துவிட்டு வெறும் கேஸை வைத்துச் செய்வதே பாதுகாப்பு. உருளைக்குள் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டு 3 பார் ஏற்றி, சில நிமிடம் விட்டு, தண்ணீரில் இறக்கி, அழுத்தத்தை மெல்லக் குறைப்பார்கள். ஒரே இடத்திலிருந்து கோடு போலக் குமிழி வந்தால் அதுதான் ஓட்டை. கண்ணாடியைச் சுற்றிய பெசல் வளையத்தின் இடுக்கிலிருந்து ஓரிரண்டு குமிழி வந்து நின்றுபோனால் அது சிக்கிய காற்று. குமிழி கண்டதும், அழுத்தம் முழுதாக இறங்கும் முன்பே வாட்ச்சை மேலே தூக்கிவிட வேண்டும். தாமதித்தால் தண்ணீர் உள்ளே போகும்.

வேலையில் கெடுவது பெரும்பாலும் அளவு. 0.7 மில்லிமீட்டர் தடிமன் ரிங் இருந்த பள்ளத்தில் 0.8 போட்டால் மூடி முழுதாக உட்காராது, அல்லது ரிங் பிதுங்கி வெட்டுப்படும், 0.6 போட்டால் போதிய அளவு நசுங்காது. பின்மூடி ரிங் தன் தடிமனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நசுங்கினால்தான் காக்கும். கிரீஸ் மினுமினுப்பு தெரியும் அளவு போதும். அப்பினால் தூசிதான் சேரும். அடுத்தது பள்ளத்தின் துரு. வியர்வை உப்பு தேங்கி ஸ்டீலில் குழி விழுந்திருந்தால் புது ரிங்கும் கசியும். ரிங் மாற்றும் முன் பள்ளத்தை லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துச் சுத்தம் செய்தாரா என்று கேளுங்கள். மரை தேய்ந்த கிரவுன் குழாயும் அப்படித்தான்: ரிங் மட்டும் மாற்றி அனுப்பினால் அடுத்த வருடமே திரும்ப வரும், கிரவுனும் குழாயும் சேர்த்து மாற்ற வேண்டும்.

வாட்ச்சைத் திரும்ப வாங்கும்போது கழற்றிய ரிங்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் சரியான நேரத்தில் மாற்றியிருக்கிறீர்கள். தார் போலக் கையில் ஒட்டினால் காலம் கடந்துவிட்டது. டயலையும் முள்ளையும் கிரவுன் தண்டையும் துருவுக்காகப் பார்க்கச் சொல்லுங்கள்.