திருத்தணியில் ஒரு ஞாயிறு வகுப்பு: துணை அதிபர் வேட்பாளர் தேர்வு

திருத்தணியில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்று ஞாயிறுதோறும் நூறு ரூபாய்க் கட்டணத்தில் பொது அறிவு வகுப்பு நடத்துகிறது. எல்லை தாண்டி நகரி, புத்தூர்ப் பக்கத்து மாணவர்களும் வருகிறார்கள். அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் தமக்குத் துணை வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறைதான் சென்ற வாரப் பாடம். மகளுடன் சென்ற நானும் பின்வரிசையில் அமர்ந்து கேட்டேன்.

1960இல் கென்னடி, தெற்கு மாநில வாக்குகளைக் கருதி டெக்சாஸ்காரரான லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்ட கதை எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். 1972க்கு வந்தபோதுதான் வகுப்பு சூடுபிடித்தது. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மெக்கவர்ன் கட்சி மாநாட்டு அவசரத்தில் தீர விசாரிக்காமல் தாமஸ் ஈகிள்டனை அறிவித்ததையும், அவர் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்ந்து மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்ற செய்தி வெளிவந்ததால் அறிவிக்கப்பட்ட 18 நாள்களில் விலக நேர்ந்ததையும், இன்று வரிக் கணக்கு முதல் மருத்துவக் குறிப்பு வரை வழக்கறிஞர்கள் துருவிப் பார்ப்பதற்கு அந்தச் சறுக்கல் ஒரு முக்கியக் காரணம் என்பதையும் ஆசிரியர் அரை மணி நேரம் விளக்கினார். ஒருவரும் கைப்பேசியைத் தொடவில்லை.

2000இல் புஷ்ஷுக்காகத் துணை வேட்பாளரைத் தேடிய டிக் செனியே இறுதியில் வேட்பாளரானதை, மாப்பிள்ளை பார்க்கப் போன தரகரே மணமேடை ஏறியது போல என்று அவர் சொன்னதும் சிரிப்பு எழுந்தது. அதிபரையும் துணை அதிபரையும் முறைப்படி தேர்ந்தெடுக்கும் ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள், அந்த இரு பதவிகளுக்கும் தம் மாநிலத்தவருக்கே வாக்களிக்கக் கூடாது என்பதால், செனி தம் வாக்காளர் பதிவை புஷ்ஷின் மாநிலமான டெக்சாசிலிருந்து வயோமிங்குக்கு மாற்றிய நுணுக்கத்தையும் மறக்காமல் சொன்னார்.

குறைகளும் உண்டு. 2024இல் டிரம்ப் தேர்ந்த துணை வேட்பாளர் வான்ஸின் மனைவி உஷாவின் பெற்றோர் ஆந்திரர், கமலா ஹாரிஸின் தாய் தமிழர் என்று பேச்சு திரும்பியதும் வகுப்பு இரு கட்சியாகி இருபது நிமிடம் கரைந்தது. 2024இல் ஹாரிஸ் தேர்ந்த டிம் வால்ஸுக்குக் கிடைத்தது ஒரே வரி. இதைவிடப் பெரிய பிழை, இந்தியாவிலும் குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் வேட்பாளர்கள் இணைந்தே போட்டியிடுவதாக அச்சுத் தாளில் இருந்ததுதான். இங்கே குடியரசுத் துணைத் தலைவரை நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களும் தனியே தேர்ந்தெடுக்கிறார்கள். 1952இல் முதல் துணைத் தலைவரான இராதாகிருஷ்ணன் பிறந்த ஊரிலா இப்படி என்று கேட்டேன். ஆசிரியர் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்டு, எல்லோரையும் அந்த வரியை அடிக்கச் சொன்னார்.

தாளுக்குத் தனியாக இருபது ரூபாய். தமிழில் மட்டுமே தருகிறார்கள். நகரிப் பிள்ளைகள் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுத் தெலுங்கில் எழுதிக்கொள்கிறார்கள்.