கடைசி ஒரு சாண்: இறுக்கமான சைக்கிள் டயர்களுடன் இரண்டு ஆண்டுகள்

28-622 அளவுள்ள (28 என்பது மில்லிமீட்டரில் அகலம்), மடித்து வைக்கக்கூடிய டயர்கள் இரண்டை என் சைக்கிளில் மாட்டி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஓட்டத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. மழையில் நனைந்த சாலையிலும் பிடிமானம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவற்றை ரிம்மில் ஏற்றுவதற்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

முதல் நாள் டயரின் பெரும்பகுதி கையாலேயே ஏறிவிட்டது. மீதமிருந்த ஒரு சாண் நீளம் மட்டும் வில்லின் நாணைப் போல விறைத்துக்கொண்டு நின்றது. பிளாஸ்டிக் லீவரை நுழைத்து நெம்பியபோது அதன் நுனி முறிந்தது. இன்னொன்றை எடுத்து ஒருவழியாக ஏற்றி முடித்துக் காற்றடித்தால், லீவருக்கும் ரிம்முக்கும் இடையில் சிக்கிய புது டியூப் கிழிந்து சீறியது. அளவு மாறிவிட்டதோ என்று பார்த்தேன். டயர், ரிம் இரண்டிலும் 622 என்றே இருந்தது.

பிழை என் முறையில்தான் இருந்தது. 622 மில்லிமீட்டர் என்பது டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். ரிம்மின் ஓரமோ அதைவிட உயரமானது. விளிம்பினுள் இருக்கும் இழை நீளாது என்பதால், ஓரத்தைத் தாண்டத் தேவையான தளர்வை ரிம்மின் நடுப்பள்ளத்திலிருந்துதான் பெற வேண்டும். நான் வால்வுக்கு அருகில் தொடங்கி எதிர்ப்புறத்தில் முடித்துக்கொண்டிருந்தேன். வால்வின் அடிப்பாகம் பள்ளத்தை அடைத்துக்கொள்வதால் அங்கே விளிம்பு கீழே இறங்குவதில்லை. இப்போது எதிர்ப்புறத்தில் தொடங்கி, ஏறிய பகுதியை இருபுறமும் கட்டைவிரல்களால் பள்ளத்திற்குள் அழுத்திக்கொண்டே வந்து, வால்வில் முடிக்கிறேன்.

அதன் பிறகும் பின்சக்கரம் முரண்டு பிடித்தது. டியூப் இல்லாமலும் ஓட்டத்தக்க அந்த ரிம்மின் பள்ளம் ஆழம் குறைந்தது. அதன்மேல், ஆரக்கம்பித் துளைகளை மூடுவதற்கான தடித்த துணி டேப்பை வேறு ஒட்டியிருந்தேன். மெல்லிய டேப்புக்கு மாறியதும் நிலைமை தலைகீழானது. பள்ளத்தில் அரை மில்லிமீட்டர் ஆழம் கூடினாலே பள்ளத்தின் அடிச் சுற்றளவு 3 மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான், அந்தத் துணிப்பட்டை செய்த வேலை எனக்கு விளங்கியது. பலத்தைக் கூட்டு என்று அறிவுரை சொன்னவர்கள் ஒருவரும் டேப்பைப் பற்றிப் பேசவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தமுண்டு.

சோப்பு நீர் உதவுகிறது. வெயிலில் சற்று நேரம் வைத்த டயர் வளைந்துகொடுக்கிறது. எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும் என்பதால் தொடுவதில்லை. முழுக்கக் காற்றடிக்கும் முன், வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி, டயரை விலக்கி, டியூப் எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று சுற்றிலும் கவனிக்கிறேன்.

இதுவரை நான்கு முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். முதல் முறை 40 நிமிடங்கள் பிடித்த வேலை, சென்ற மாதம் சாலையோரத்தில் பஞ்சரானபோது 10 நிமிடங்களில் முடிந்தது. லீவர்கள் இரண்டு இன்னும் பையில் இருக்கின்றன, கழற்றுவதற்கு மட்டும்.