கனியுப்பு மாத்திரை: 14 நாள் சோதனையா, 90 நாள் சோதனையா?

வவுனியா மருந்துக்கடையில் கல்சியம், இரும்பு போன்ற கனியுப்பு மாத்திரையைத் தந்து ‘எலிகளில் சோதித்தது, பயமில்லை’ என்றால், எந்தச் சோதனை என்று கேளுங்கள்.

ஒரே தடவை பெரிய அளவு கொடுத்து 14 நாள் பார்ப்பது ஒன்று. எலி செத்ததா, சோர்ந்ததா என்று தெரியும், அவ்வளவுதான்.

மற்றது, தினமும் கொடுத்து 90 நாள் பார்ப்பது. நிறை, தீன், இரத்தத்தில் சிறுநீரகம் வடிக்க வேண்டிய கழிவுகளான கிரியேட்டினின், யூரியா எல்லாம் அளப்பார்கள். கடைசியில் ஈரலையும் சிறுநீரகத்தையும் மெல்லிய சீவலாக வெட்டி நுணுக்குக்காட்டியில் வைப்பார்கள். இரும்பு ஈரலில் மெல்ல மெல்லச் சேர்வதெல்லாம் இப்படித்தான் பிடிபடும்.

வன்னியில் பல கிணறுகளில் ஏற்கெனவே கல்சியமும் புளோரைட்டும் அதிகம். சிறுநீரக நோயாளிகளும் குறைவில்லை. மாத்திரையோ மாதக்கணக்கில் விழுங்குவது. எனக்கு 90 நாள் சோதனைதான் வேண்டும். ஆனால் அதுவும் ஆரோக்கியமான இள எலிகளில் செய்ததுதான். அதனால் சிறுநீரகம் பழுதானவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.