மோட்டார்ஹோமில் நான்கு ஆண்டுகள்: இணையத்துக்காகப் பூட்டியவையும் கழற்றியவையும்

2022 வசந்தத்தில் ஆறு மீட்டர் நீளமுள்ள பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினோம். வீடு லெஸ்டரில் இருந்தாலும், அன்றிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு இரவுகளை ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் லேக் டிஸ்ட்ரிக்டிலும் அந்த வண்டிக்குள்தான் கழிக்கிறோம். இடையில் இரண்டு முறை கப்பலேறி பிரான்சுக்கும் போய் வந்தோம். நான் கிழமைக்கு மூன்று நாட்கள் வண்டியில் இருந்தபடியே அலுவலக வேலை செய்பவன். என் மனைவி சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்குப் பிள்ளைகளுக்கு இணையவழித் தமிழ் வகுப்பு எடுக்கிறார். ஆகவே எங்களுக்குத் தேவைப்பட்டது வேகமான இணையம் அன்று. ஒரு மணி நேரம் அறுபடாமல் இருக்கும் இணையம். வீடியோ அழைப்புக்கு நான்கைந்து மெகாபிட் தாராளமாகப் போதும் என்பதால், வேகச் சோதனையில் எழுபது, எண்பது என்று வரும் எண்கள் எங்களைப் பொறுத்தவரை வெறும் அலங்காரம்.

முதல் ஆண்டு முழுவதையும் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை வைத்தே சமாளித்தோம். எங்கள் வண்டியின் வெளிச்சுவர் அலுமினியத் தகடு. உலோகப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே உள்ள டவரைத் தேடுவது எவ்வளவு வீண் என்பது, சிக்னலை எண்ணாகக் காட்டும் செயலியைப் போட்டுப் பார்த்த அன்றுதான் புரிந்தது. வெளியே புல்லில் நின்றபோது மைனஸ் 101 காட்டிய கைபேசி, உள்ளே மேசையில் வைத்ததும் மைனஸ் 113 ஆகியது. இந்த அளவில் எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது. மூன்று டெசிபல் குறைந்தால் சிக்னலின் வலு பாதியாகிறது. அப்படிப் பார்த்தால் பன்னிரண்டு டெசிபல் என்பது பதினாறில் ஒரு பங்குதான் உள்ளே வந்து சேர்கிறது என்று பொருள். கைபேசியை ஜன்னலோரம் வைத்தால் கொஞ்சம் தேறும் என்பதால், அந்த ஆண்டு என் கைபேசி பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே வாழ்ந்தது.

இரண்டாம் ஆண்டு செய்த தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஒரு சிம் வேலை செய்யாவிட்டால் மற்றது கைகொடுக்கும் என்று நம்பி, வேறு பெயருள்ள நிறுவனத்திடமிருந்து இரண்டாவது சிம் ஒன்றை வாங்கினேன். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆப்பிள்கிராஸ் பக்கம் நின்றிருந்த ஒரு சனிக்கிழமை, வகுப்புத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் முதல் சிம் நின்றது. இரண்டாவதுக்கு மாறினேன், அதுவும் இல்லை. “என்னப்பா, திரும்பவும் போச்சுதோ?” என்று மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்று மாலைதான் விவரத்தைத் தேடிப் பார்த்தேன். இரண்டு சிம்களும் ஒரே வலையமைப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

பிரிட்டனில் கடைக்குக் கடை வேறுவேறு பெயரில் சிம் விற்றாலும், சொந்தமாக டவர் வலையமைப்பு வைத்திருந்தவை ஈஈ, ஓ2, வோடஃபோன், த்ரீ என்ற நான்குதான். மற்றவை அவற்றிடமிருந்து வாங்கி விற்பவை. கிஃப்காஃபும் டெஸ்கோ மொபைலும் ஓ2வில் ஓடுகின்றன. வாக்ஸி வோடஃபோனில், ஸ்மார்ட்டி த்ரீயில். இத்துடன் கதை முடியவில்லை. ஓ2வும் வோடஃபோனும் பல இடங்களில் ஒரே கம்பத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஈஈயும் த்ரீயும் அப்படியே. ஒரு கம்பத்துக்கு மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். 2025 மே மாத இறுதியில் வோடஃபோனும் த்ரீயும் ஒன்றாக இணைந்துவிட்டதால், அவ்விரண்டையும் சோடியாக வைத்துக்கொள்வதிலும் இப்போது பெரிய பொருளில்லை. இன்று எங்களிடம் ஈஈ சிம் ஒன்று, வோடஃபோன் வலையமைப்பில் ஓடும் மலிவான மாதாந்தச் சிம் ஒன்று. இந்த ஒரு மாற்றம் தந்த நிம்மதியை, பிறகு நான் வாங்கிய எந்தக் கருவியும் தரவில்லை.

கிராமப்புறங்களில் சிக்னலை விரிவுபடுத்த அரசும் அந்த நான்கு வலையமைப்புகளும் 2020இல் செய்துகொண்ட உடன்பாட்டின் இலக்கு, நாட்டின் நிலப்பரப்பில் 95 விழுக்காட்டுக்கு 4ஜி கொடுப்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 95 விழுக்காடு என்பது “குறைந்தது ஒரு வலையமைப்பாவது” கிடைக்கும் இடங்களின் கணக்கு. அந்த ஒன்று உங்கள் பையில் உள்ள சிம்மாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வெளியிடும் வரைபடத்தில் நான்கையும் தனித்தனியே பார்க்கலாம். அதில் “வெளியில் கிடைக்கும்” என்று இருப்பதை அலுமினிய வண்டிக்காரர் “உள்ளே கிடைக்காது” என்று படித்துக்கொள்வது நல்லது.

அடுத்து ஆன்டெனா. கூரையில் துளை போட மனம் வராமல் ஒரு குளிர்காலம் முழுக்கத் தள்ளிப்போட்டு, கடைசியில் நானே துளையிட்டு, பசை பூசி, எல்லாத் திசையிலும் வாங்கும் வட்டமான ஆன்டெனாவைப் பொருத்தினேன். சிம் போடும் 4ஜி ரவுட்டரைப் பின்பக்க அலமாரியில் வைத்தேன். ஆன்டெனாவோடு வந்த ஐந்து மீட்டர் கேபிள் அதுவரை வசதியாக எட்டியது. ஆனால் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை. காரணம் அந்தக் கேபிள்தான். இத்தகைய மெல்லிய கேபிள், 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மீட்டருக்கு அரை டெசிபலுக்குச் சற்று அதிகமாகவே விழுங்கும். ஐந்து மீட்டரில் ஏறக்குறைய பாதி சிக்னல் வழியிலேயே கரைந்துவிடுகிறது. ரவுட்டரை ஆன்டெனாவுக்கு நேர் கீழே உள்ள மேல் அலமாரிக்கு மாற்றி, கேபிளை ஒன்றரை மீட்டராக வெட்டி, புதிய முனைகளைப் பூட்டிய பிறகுதான் போட்ட பணத்துக்குப் பலன் தெரிந்தது. உள்ளே மைனஸ் 113 இருந்த அதே வகையான இடங்களில் ரவுட்டர் இப்போது மைனஸ் 98, 99 காட்டுகிறது.

ஒரே திசையை நோக்கித் திருப்பும் ஆன்டெனா ஒன்றையும் நீண்ட கம்பத்தோடு வாங்கினேன். டவர் எந்தப் பக்கம் என்று தெரிந்து, காற்றில்லாத நாளில், பொறுமையாகத் திருப்பிக்கொண்டிருந்தால் அது உண்மையிலேயே அருமையான பொருள். ஸ்காட்லாந்தின் வடகரையில் காற்றில்லாத நாள் வாய்த்தால் யாரும் கம்பம் நட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். அது இப்போது வீட்டுக் கராஜில் இருக்கிறது. மலை மறைத்தால் எந்த ஆன்டெனாவும் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையான 978 மீட்டர் ஸ்காஃபெல் பைக்கின் அடியில், வாஸ்டேல் பள்ளத்தாக்கில் நின்ற இரண்டு இரவுகளும் எங்களுக்கு இணையமற்ற இரவுகளே.

சிக்னல் பட்டைகள் நிறைந்திருந்தும் இணையத்தில் எதுவும் திறக்காத அனுபவம், வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு முறையாவது வாய்த்திருக்கும். ஸ்காட்லாந்தின் வடகரையைச் சுற்றும் நார்த் கோஸ்ட் 500 பாதையில், ஓர் ஆகஸ்ட் மாதம், கடலோர முகாம் ஒன்றில் காலை ஆறு மணிக்கு நாற்பது மெகாபிட் வந்தது. இரவு எட்டு மணிக்கு ஒன்றுகூட வரவில்லை. சிக்னல் எண் அசையவே இல்லை. சிற்றூர் ஒன்றுக்காக நட்ட டவரில் இருநூறு வண்டிகளும் கூடாரங்களும் சேர்ந்து படம் பார்க்கத் தொடங்கினால் வேறென்ன நடக்கும்? இங்கே பயன்பட்டது, ரவுட்டரில் எந்த அலைவரிசையைப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வசதி. 800 மெகாஹெர்ட்ஸ் தொலைதூரம் போகும், சுவரைத் துளைக்கும்; அதனால் ரவுட்டர்கள் அதையே விரும்பிப் பற்றிக்கொள்கின்றன. ஆனால் 2013 ஏலத்தில் ஓ2வுக்கும் வோடஃபோனுக்கும் அதில் கிடைத்தது பத்து மெகாஹெர்ட்ஸ் வீதம்தான், ஈஈக்கும் த்ரீக்கும் ஐந்து வீதம்தான். ஒற்றையடிப் பாதை மாதிரியான அகலம். கூட்டம் சேர்ந்தால் நெரிசல். அன்றிரவு ரவுட்டரை 1800இல் பூட்டியதும் சிக்னல் எண் மோசமானது, ஆனால் இணையம் ஆறு மெகாபிட்டில் ஓடியது.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை. எனக்கு ஒரு மாதத்தைத் தின்றது அதுதான். முதலில் வைத்திருந்தது 12 வோல்ட்டில் ஓடும் வீட்டு ரவுட்டர். வண்டியிலும் 12 வோல்ட்தானே என்று சிகரெட் லைட்டர் துளையில் நேரடியாகச் செருகிவிட்டேன். பல கூட்டங்களின் நடுவே அது தானாக அணைந்து மீண்டும் எழுந்தது. நெட்வொர்க்கைத் திட்டினேன், சிம்மை மாற்றினேன், மென்பொருளைப் புதுப்பித்தேன். ஒரு நாள் மனைவி தேநீர்க் கோப்பையைக் கழுவக் குழாயைத் திறந்த அதே கணத்தில் ரவுட்டரின் விளக்கு அணைவதைக் கண்ணால் கண்டேன். தண்ணீர்ப் பம்ப் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தில், அந்த மெல்லிய வயரின் முனையில் வோல்ட்டேஜ் ஒரு கணம் விழுந்துவிடுகிறது. மறுபக்கம், பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை ஏறுவதும் அந்த ரவுட்டருக்கு நல்லதல்ல. பேட்டரியிலிருந்து தனியே, ஃபியூஸ் வைத்து, தடித்த வயர் இழுத்து, நிலையான 12 வோல்ட் கொடுக்கும் சிறு கருவி ஒன்றை இடையில் வைத்ததோடு சிக்கல் தீர்ந்தது. இப்போது உள்ள, 9 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் டெல்டோனிகா ரவுட்டருக்கு அதுவும் தேவையில்லை. நாள் முழுக்க ஓடினாலும் அது 14 ஆம்பியர்-மணிக்கு மேல் எடுப்பதில்லை.

2025இல், செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் மினி வாங்கினோம். ஒரு கிலோவுக்குச் சற்றே அதிகமான எடை, மடிக்கணினி அளவு. திறந்த வெளியில் அதற்கு இணை கிடையாது. வட ஸ்காட்லாந்தில், டவரே இல்லாத சட்டர்லண்டின் உட்புறத்தில் மனைவியின் வகுப்பு ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. ஆனால் நார்தம்பர்லண்டின் கீல்டர் காட்டில், கைபேசிக்கும் சிக்னல் இல்லாத இடத்தில், அதைத்தான் முழுக்க நம்பிப் போயிருந்தோம். மரங்களுக்குப் பின்னால் செயற்கைக்கோள் மறையும்போதெல்லாம் சில வினாடிகள் அறுந்தது. படம் பார்க்க இது பொருட்டில்லை. பாடம் நடத்த முடியாது. மின்சாரமும் 25 முதல் 40 வாட் வரை தின்கிறது. பத்து மணி நேரம் ஓட்டினால் 25 ஆம்பியர்-மணிக்கு மேல். டிசம்பர் மாத ஸ்காட்லாந்து வெயிலில் கூரைச் சூரியத் தகட்டிலிருந்து அதைத் திரும்பப் பெறுவது நடக்கிற காரியமல்ல. கோடையில் மட்டும் அதற்கு முழுச் சந்தா கட்டுகிறோம்.

முகாம்களின் வைஃபையை நம்பி நான் எதையும் திட்டமிடுவதில்லை. பிரான்சைப் பொறுத்தவரை, பிரெக்ஸிட்டுக்குப் பின் ஐரோப்பிய ரோமிங் இலவசம் என்ற உறுதி போய்விட்டது. “அளவில்லா டேட்டா” என்று விற்கப்பட்ட எங்கள் திட்டத்துக்கு அங்கே 25 ஜிபிதான் வரம்பு. முதல் பயணத்தில் பதினோராம் நாளே அது தீர்ந்தது. இரண்டாம் முறை இறங்கியவுடன் அங்கேயே ஒரு சிம் வாங்கிக்கொண்டோம்.

இன்னொன்றையும் அனுபவப்பட்டுத்தான் அறிந்தேன். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் கைபேசி எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தியாக வரும். வண்டிக்குள் இணையம் அருமையாக ஓடிக்கொண்டிருக்க, கைபேசிக்குச் சிக்னல் இல்லாமல் பணம் கட்ட முடியாமல் குன்றேறி நின்றிருக்கிறேன். வைஃபை அழைப்பு வசதியைக் கைபேசியில் இயக்கிய பிறகு எங்கள் சிம்களுக்கு அந்தக் குறுஞ்செய்திகளும் ரவுட்டர் வழியாகவே வந்துவிடுகின்றன. எல்லாத் திட்டங்களிலும் இவ்வசதி இல்லை என்பதால் சிம் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு சிம் துளைகள் உள்ள ரவுட்டர் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும் என்று எண்ணிவிட வேண்டாம். எங்களுடையதில், டவரோடு தொடர்புகொள்ளும் மோடம் ஒன்றுதான். ஒரு சிம் அறுந்து மற்றது பிடிக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது, அதற்குள் அழைப்பு போய்விடும். இரண்டு மோடம் உள்ளவற்றின் விலையைப் பார்த்துவிட்டு, இரண்டாவது சிம்மைப் பழைய கைபேசி ஒன்றில் போட்டு, சனிக்கிழமை காலைகளில் மட்டும் அதன் ஹாட்ஸ்பாட்டைத் தயாராகத் திறந்து வைக்கிறோம். மனைவியின் மடிக்கணினி இரண்டையும் அறியும். மாறுவதற்கு ஓரிரு வினாடிகள்தான்.

இப்போதெல்லாம் முகாமுக்குள் நுழைந்து பணம் கட்டும் முன் வாசலிலேயே வண்டியை நிறுத்தி, இரண்டு சிம்களின் எண்களையும் பார்க்கிறேன். இரண்டும் மைனஸ் 110க்குக் கீழே என்றால், வெள்ளிக்கிழமைகளில் மட்டும், வரவேற்பில் நிற்பவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிவிடுகிறோம். மற்ற நாட்களில் பெரும்பாலும் தங்கிவிடுவோம்.