கிவாலிக் ஊர்களுக்குச் சரக்கு: சர்ச்சில் துறைமுகமா, மொன்றியல் கப்பலா, விமானமா?

கனடாவின் வடகோடி ஆட்சிப்பகுதியான நுனாவுட்டில் ஹட்சன் விரிகுடாப் பக்கமாக உள்ள ஏழு ஊர்கள் சேர்ந்ததுதான் கிவாலிக் பகுதி. ரேங்கின் இன்லெட், ஆர்வியட், பேக்கர் லேக் எல்லாம் அதில் வரும். தெற்கிலிருந்து இவற்றுக்கு ரோடும் இல்லை, ரயிலும் இல்லை. மாவு, டயபர், ஸ்னோமொபைல், வீடு கட்டும் பலகை என்று எது வேண்டுமானாலும் கப்பலிலோ விமானத்திலோதான் வந்தாக வேண்டும். கப்பல் ஓடுவதும் கடல்பனி விலகியிருக்கும் சில மாதங்கள்தான், ஏறக்குறைய ஜூலையிலிருந்து அக்டோபர் வரை.

வரைபடத்தை மட்டும் பார்த்தால் சர்ச்சில்தான் ஜெயிக்கிறது. மனிடோபா மாகாணத்தின் வட கரையில் 1931இல் திறந்த துறைமுகம் அது. வாசல் வரை ரயில் வருகிறது, அங்கிருந்து ஆர்வியட் சுமார் 260 கிலோமீட்டர்தான். கிழக்கே மொன்றியல் நகரப் பக்கமிருந்து கிளம்பும் கப்பலோ செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் இறங்கி, லாப்ரடாரைச் சுற்றி, ஹட்சன் நீரிணை வழியாக உள்ளே வர வேண்டும். சில ஆயிரம் கிலோமீட்டர்!

ஆனால் சர்ச்சிலின் பலவீனம் கடலில் இல்லை, பின்னால் இருக்கும் தண்டவாளத்தில் இருக்கிறது. தெற்கே தி பாஸ் ஊரிலிருந்து வரும் 800 கிலோமீட்டருக்கும் மேலான அந்தப் பாதை, கடைசிப் பகுதியில் சதுப்பும் வருடம் முழுக்க உறைந்து கிடக்கும் மண்ணுமாக இருக்கும் தரையில் ஓடுவதால் மண் இளகினால் தண்டவாளமும் இறங்கிவிடும், ரயிலும் மெதுவாகத்தான் போக முடியும். 2017 மே மாத வெள்ளம் பல இடங்களில் அதை அரித்துப் போட்டது. 2018 கடைசியில்தான் மறுபடி ரயில் வந்தது. அவ்வளவு காலமும் சர்ச்சில் மக்களே தங்களுக்கான சாமான்களை விமானத்தையும் கப்பலையும் நம்பி வாங்கினார்கள். சொந்த ஊருக்கே சரக்கு வராத துறைமுகத்தை நம்பி அடுத்த ஊர்க்காரர் எப்படி வருடச் சாமான் ஆர்டர் கொடுப்பார்?

அங்கேதான் மொன்றியல் வழி முந்துகிறது. வேலிஃபீல்ட் போன்ற துறைமுகங்களில் ஏற்றும் கப்பல்கள் இழுவைப்படகையும் தட்டைப்படகையும் தாங்களே சுமந்து வருகின்றன. பெரும்பாலான ஊர்களில் கப்பல் அணையும் மேடை கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும், அலையேற்றம் பார்த்துத் தட்டைப்படகைக் கரையில் சேர்த்து, லோடரால் சரக்கை இறக்குவார்கள். இந்தக் கடைசிக் கட்டம் எங்கிருந்து கிளம்பினாலும் மாறாது. பேக்கர் லேக்குக்கு என்றால் ஒடுங்கிய செஸ்டர்ஃபீல்ட் இன்லெட்டின் நீரோட்டத்தையும் தாண்ட வேண்டும். ஆக, சர்ச்சிலின் தூரச் சாதகம் முழுசாகக் கைக்கு வராது.

விமானம்? பால், பழம், மருந்துக்கு வேறு வழியே இல்லை. மற்றதற்கு அது கட்டுப்படியாகாது. 2011 முதல் வடக்கு ஊர்களின் உணவுச் செலவுக்கான நியூட்ரிஷன் நார்த் திட்டத்தில் அரசு மானியம் கொடுத்தும் கடையில் விலை தெற்கைவிட மிக அதிகம்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. கப்பலில் மலிவாக வரவழைக்க வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னாடியே ஆர்டர் போட்டு, பெரிய தொகையாகப் பணம் கட்டி, மரப்பெட்டியில் கட்டவும் செலவழிக்க வேண்டும், வந்ததை வைக்க இடமும் வேண்டும். சம்பளம் நிலையாக வரும் குடும்பத்துக்கு அது முடியும். முடியாதவர்கள்தான் குளிர்காலத்தில் விமானச் செலவு ஏறிய விலைக்கு அதே சாமானை வாங்குகிறார்கள்.

சரி, எது நல்லது? இன்றைக்கு ஒரு வீட்டுக்கான பலகையோ வருட மளிகையோ என்றால் மொன்றியல் கப்பல்தான். மனிடோபா தலைநகர் வின்னிபெக்கில் வாங்கும் வண்டி, இயந்திரம், அதுவும் ஆர்வியட் போலப் பக்கத்து ஊருக்கு என்றால் சர்ச்சிலில் ஏற்ற இடம் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்கலாம். ஆனால் அரசு பணம் போடுவதாக இருந்தால் சந்தேகமே இல்லாமல் சர்ச்சில் தண்டவாளத்தில்தான் போட வேண்டும். 2021இலிருந்து அந்தத் துறைமுகமும் ரயிலும் வடக்குப் பழங்குடி மக்களுக்கும் அந்த ரயில் பாதையோர ஊர்களுக்கும் சொந்தம். அதற்கு முந்தைய தனியார் முதலாளி 2016இல் தானிய ஏற்றுமதியை நிறுத்தியதுபோல, தூரத்தில் உட்கார்ந்து ஒருவர் மூடிவிட முடியாது. கூடவே, ஏழைக் குடும்பங்கள் கப்பல் ஆர்டருக்குத் தவணையில் பணம் கட்டவும் ஒரு வழி வேண்டும்.